கல்லூரிப் பாடமும் சட்ட நுழைவுத் தேர்வும்

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பள்ளி மண்டபத்தில் நடைபெற்ற மாணவர் - பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடை என்றால் கோயில் கட்டிய கதையையும் மணி ஏற்றிய கதையையும் பேசுவது வழக்கம். அவற்றைச் சொல்லத் தகுந்த மூத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். எங்களுக்கு அளிக்கப்பட்ட பணி வேறு. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் இதே பள்ளியின் ஓர் அறையில் கல்லூரி மாணவர்களோடு அமர்கிறோம். கல்லூரியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் இருவர், நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர் என நாங்கள் நால்வர். இன்று பேசுகிற வாய் ஒன்றாயினும் பேச்சு நால்வருடையது. ஆதலால்தான் "நாங்கள்" என்கிறோம்.

பேசவேண்டிய பொருள் இது: கல்லூரியில் படித்துக்கொண்டே சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் ஆயத்தம் செய்வது எப்படி? இரண்டையும் பிடித்துக்கொள்ள முடியுமா? அல்லது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமா?

எங்கள் பிழையிலிருந்து தொடங்குகிறோம்

அறிவுரை சொல்ல வந்தவர்கள் முதலில் தங்கள் தவற்றைச் சொல்லிவிடுவது நல்லது. 2016ஆம் ஆண்டு. பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தகப்பனாரின் மகள் பி.காம். முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். பெயர் வேண்டாம். கெட்டிக்காரப் பெண். வழக்கறிஞராக வேண்டும் என்பது அவள் ஆசை. "கிளாட்" என்று சுருக்கமாக வழங்கும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை எழுத விரும்பினாள். அப்போது அந்தத் தேர்வு மே மாதத்தில் நடந்து வந்தது. மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பு இருப்பதாகச் சொன்னாள். வாரத்தில் மூன்று நாள், அதுவும் கல்லூரி நாட்களில்.

எங்களிடம் வந்து கேட்டாள். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கல்லூரிப் பாடம் எங்கே போகப் போகிறது? நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். போய் வா" என்று சொன்னோம். தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. பிள்ளை மதுரைப் பேருந்தில் ஏறினாள்.

ஏப்ரலில் பருவத் தேர்வு வந்தது. வருகைக் குறைவு என்று அவளைத் தேர்வு எழுத விடவில்லை. மே மாதம் நுழைவுத் தேர்வை எழுதினாள். அதிலும் இடம் கிடைக்கும் அளவுக்குத் தரவரிசை வரவில்லை. அந்தப் பருவத்துப் பாடங்கள் அத்தனையும் அரியராக நின்றன. தகப்பனார் எங்களைப் பார்க்க வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர், "சார், நீங்க சொன்னீங்கன்னுதான் அனுப்புனேன். இப்ப என்ன செய்யணும், அதையும் நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. அந்தப் பெண் அரியர்களை எழுதித் தேறினாள். ஆனால் புதிய பாடங்களோடு பழைய பாடங்களையும் சேர்த்துச் சுமந்ததால் மதிப்பெண் குறைந்தது. பட்டம் பெற்றபின் அரசுச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது முதலாண்டில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. நாங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவள் ஓர் ஆண்டை விலையாகக் கொடுத்தாள். நாங்கள் அறியாதிருந்தது என்ன என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

இரண்டு வாசல்கள்

சட்டம் படிக்க நம் நாட்டில் இரண்டு வழிகள் உண்டு. மேல்நிலைப் பள்ளி முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று. ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டுப் படிப்பு மற்றொன்று. கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு இரண்டு வாசல்களும் திறந்தே இருக்கின்றன. கிளாட் எழுதி இடம் பெற்றால் இருக்கும் படிப்பை விட்டுவிட்டு ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். இல்லையேல் பட்டத்தை முடித்து மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம்.

முதல் வாசல், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தனித்தனியே தேர்வு நடத்தின. பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தார்கள். 2008இல் பொதுத் தேர்வு வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. தில்லியில் உள்ளது தனித் தேர்வு நடத்துகிறது. நமக்கு மிக அருகில் இருப்பது தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்நிறுவனம், திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையிலேயே நாவலூர்குட்டப்பட்டில் இருக்கிறது. திருச்சிக்குப் பேருந்தில் போகும் நம் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இரண்டாவது வாசல், நம் அரசுச் சட்டக் கல்லூரிகள். சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தோன்றியது. நெடுங்காலம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்க வேண்டுமானால் சென்னைக்கு இரயில் ஏற வேண்டியிருந்தது. மதுரையில் 1974லும் திருச்சியில் 1979லும் அரசுச் சட்டக் கல்லூரிகள் வந்தன. 2019இல் தேனியிலும் ஒன்று வந்தது. இந்தக் கல்லூரிகளின் மூன்றாண்டுப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பங்களைப் பெற்று, பட்டப் படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது.

அன்பர்களே, இந்த ஓர் உண்மையைத்தான் அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிப் பருவத் தேர்வு ஒவ்வொன்றுமே ஒரு சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு! ஆறு பருவம் என்றால் ஆறு தவணைகளில் எழுதும் நுழைவுத் தேர்வு. கிளாட்டுக்காகக் கல்லூரிப் பாடத்தைக் கைவிடுகிறவன், எட்டுமா என்று தெரியாத ஒரு வாசலை நம்பி, தன் கைக்கெட்டும் வாசலைத் தானே சாத்திக்கொள்கிறான். திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தால் இரண்டு சாவியையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறவனே குடித்தனக்காரன்.

வெளி மாநிலம் போக விரும்புவோருக்கும் இது பொருந்தும். பெங்களூர்த் தேசியச் சட்டப் பள்ளி 2022 முதல் மூன்றாண்டுப் படிப்பும் நடத்துகிறது. அதற்குத் தனித் தேர்வு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்கு இப்போது முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு வழியே சேர்க்கிறார்கள். கேரளத்திலும் ஆந்திரத்திலும் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இருக்கிறது. எங்கே போனாலும் கையில் பட்டம் இருக்க வேண்டும். பட்டம் இல்லாமல் இந்தத் தேர்வுகளில் எவ்வளவு வாங்கினாலும் பயனில்லை.

பாடமும் பயிற்சியும் பகையல்ல

"அப்படியானால் கிளாட் வேண்டாம் என்கிறீர்களா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் அந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது என்று அறிந்து எழுதுங்கள்.

பட்டத்துக்கு முந்தைய கிளாட் தேர்வில் இப்போது 120 வினாக்கள், 120 நிமிடங்கள். ஆங்கிலம், நாட்டு நடப்பும் பொது அறிவும், சட்டப் பகுத்தறிவு, தருக்கப் பகுத்தறிவு, கணக்கு என ஐந்து பகுதிகள். 2020 முதல் அதன் போக்கு மாறிவிட்டது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வினாக்கள் குறைந்தன. ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைக் கொடுத்து, அதைப் படித்துப் புரிந்துகொண்டு விடை சொல்லச் சொல்கிறார்கள். சட்டப் பகுதிக்குக்கூட முன்கூட்டிச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கொடுத்திருக்கும் விதியைப் படித்து, கொடுத்திருக்கும் நிகழ்ச்சியில் அதைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். கணக்குப் பகுதிக்குப் பத்தாம் வகுப்பு அளவில் சதவீதமும் விகிதமும் தெரிந்திருக்க வேண்டும்.

அதாவது, அது ஒரு வாசிப்புத் தேர்வு. கல்லூரி வகுப்பு எதற்காக இருக்கிறது? அதுவும் வாசிப்புக்காகத்தானே!

ஓர் எடுத்துக்காட்டு. பி.காம். மாணவர்கள் வணிகச் சட்ட வகுப்பில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் படிக்கிறார்கள். அதில் லால்மன் சுக்லா என்பவர் கௌரி தத் என்பவர்மீது தொடுத்த வழக்கு ஒன்று வரும். 1913இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வீட்டைவிட்டுக் காணாமற்போன சிறுவனைத் தேடி வர முதலாளி தம் பணியாளரை அனுப்பினார். அவர் போனபின், சிறுவனைக் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று அறிவித்தார். பணியாளர் அறிவிப்பைப் பற்றித் தெரியாமலே சிறுவனைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு பரிசு கேட்டு வழக்காடினார். கிடைக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு வாக்குறுதியை ஒருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதை வகுப்பில் ஊன்றிக் கேட்ட மாணவனுக்கு, நுழைவுத் தேர்வில் "பேருந்து நிலையத்தில் கிடந்த பையை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார்; பரிசு அறிவிப்பு அவருக்குத் தெரியாது; பரிசுக்கு உரிமை உண்டா?" என்று கேட்டால் தடுமாற்றம் இராது. இப்படியே வரலாறு படிப்பவருக்கு அரசியலமைப்பும், பொருளியல் படிப்பவருக்கு வரவு செலவுத் திட்டமும், அறிவியல் படிப்பவருக்கு அட்டவணையும் வரைபடமும் படிக்கும் பழக்கமும் கைகொடுக்கும். தமிழ் வகுப்பில் ஒரு கட்டுரையின் கருத்தை நான்கு வரியில் சுருக்கிச் சொல்லப் பழகியவன், ஆங்கிலப் பத்தியின் கருத்தையும் விரைவில் பிடிப்பான்.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. நம் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களில் தமிழ்வழி படித்து வந்த பிள்ளைகளுக்கு அது மலைபோல் தெரியும். ஆனால் அந்த மலையை ஒரு மாதப் பயிற்சி வகுப்பில் ஏறிவிட முடியாது. நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை வாய்விட்டுப் படிப்பவரே ஏறுவார். முதல் மூன்று மாதம் அகராதி பக்கத்தில் இருக்கட்டும். நான்காவது மாதத்தில் அகராதியைத் தேடுவது தானாகவே குறையும். எங்கள் சனிக்கிழமை அறையில் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

நாட்காட்டியும் நாழிகையும்

இனிக் காலத்தைப் பங்கிடும் முறை. இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதலாவது, ஒரே தாளில் இரண்டு தேர்வுகளின் நாட்களையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2022 டிசம்பர் முதல் கிளாட் தேர்வு டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடக்கிறது. 2023இல் டிசம்பர் 3, 2024இல் டிசம்பர் 1, 2025இல் டிசம்பர் 7. நம் கணக்கில் திருவருகைக் காலத்தின் முதல் இரண்டு ஞாயிறுகள். கல்லூரிகளில் ஒற்றைப் பருவத் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பரில் வருகின்றன. முன்பு ஏப்ரலும் மேயும் மோதின. இப்போது நவம்பரும் டிசம்பரும் மோதுகின்றன. மோதல் வரும் என்று ஜூன் மாதமே தெரிந்தவனுக்கு அது மோதலன்று. அக்டோபர் கடைசியில் அறிகிறவனுக்குத்தான் அது இடி.

இரண்டாவது, வாரத்தின் நேரத்தைக் கணக்கிடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 7 என்றால் 49. வகுப்பு ஆறு நாளும் ஐந்தைந்து மணி என்றால் 30. ஊரிலிருந்து வந்து போகும் பேருந்துப் பயணம் நாளுக்கு 2 என்றால் 12. குளியல், உணவு, வீட்டு வேலை நாளுக்கு 4 என்றால் 28. திருப்பலி, மன்றக் கூட்டம் ஆகியவற்றுக்கு 5. ஆக 124. மீதி 44 மணி. அதில் கல்லூரிப் பாடத்துக்கு நாளுக்கு 2 மணியாக 14, நுழைவுத் தேர்வுக்கு நாளுக்கு 2 மணியாக 14. எஞ்சும் 16 மணி ஓய்வுக்கும், காய்ச்சலுக்கும், உறவினர் வீட்டு விசேஷத்துக்கும். நேரமே இல்லை என்று சொல்லும் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தாங்களே ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். நேரம் எங்கே ஒழுகுகிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, வருகைக் கணக்கைக் கல்லூரிப் பதிவேட்டை மட்டும் நம்பி விடாதீர்கள். சட்டைப்பைக் குறிப்பேட்டில் நீங்களே எழுதுங்கள். பருவத்துக்கு 90 வேலை நாட்கள், 75 விழுக்காடு வருகை என்று வைத்துக்கொண்டால் 68 நாட்கள் வகுப்பில் இருந்தாக வேண்டும். விடக்கூடியது 22 நாட்களே. அதில் நோய்க்குப் பத்து நாள் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மட்டுமே வேறெதற்கும் தொடலாம். 2016இல் இந்தச் சிறிய கணக்கை நாங்கள் போட்டிருந்தால் அந்தத் தகப்பனார் எங்கள் முன்னே அப்படி வந்து நின்றிருக்கமாட்டார்.

நான்காவது, பருவத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தராசை மாற்றுங்கள். அன்று முதல் நுழைவுத் தேர்வுக்கு நாளிதழும் ஒரே ஒரு பத்தியும் போதும். மற்ற நேரமெல்லாம் கல்லூரிப் பாடம். கடைசித் தாளை எழுதி முடித்த மறுநாளிலிருந்து தராசு முழுதும் இந்தப் பக்கம் சாயட்டும். முற்றிலும் நிறுத்திவிட்டால் மறுபடி தொடங்குவது கடினம். அதனால்தான் அந்த ஒரு பத்தியை விடாதீர்கள் என்கிறோம். சோறு குறைந்தாலும் கஞ்சியாவது குடிக்க வேண்டும் அல்லவா?

ஐந்தாவது, வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு. கடிகாரத்தை வைத்து, பிற்பகல் 2 முதல் 4 வரை, மேசைமீது பேனாவும் தாளும் தவிர வேறொன்றும் இல்லாமல் எழுதுங்கள். பழைய வினாத்தாள்களைத் தேர்வு நடத்தும் கூட்டமைப்பே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. விலை கொடுக்க வேண்டியதில்லை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறைப்பார்கள். 120 வினாவுக்கும் விடை குறித்து 80 சரி, 40 தவறு என்றால் கிடைப்பது 70. 90 வினாவுக்கு மட்டும் குறித்து 76 சரி, 14 தவறு என்றால் கிடைப்பது 72.5. தெரியாததை விட்டுவிடும் அடக்கமும் இந்தத் தேர்வில் மதிப்பெண்தான். எழுதிய அன்று மாலையே தவறுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பத்துத் தேர்வு எழுதித் தவறைப் பாராதவனைவிட, நான்கு எழுதித் தவறை ஆராய்ந்தவன் முன்னே போவான்.

ஆறாவது, சான்றிதழ்கள். அண்மை ஆண்டுகளில் கிளாட் விண்ணப்பம் ஜூலை அல்லது ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் அல்லது நவம்பர் வரை பெறப்பட்டிருக்கிறது. பொதுப் பிரிவினருக்குக் கட்டணம் 4000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு 3500 ரூபாய். இங்கே நம் பங்கு மக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆதிதிராவிடக் குடும்பங்களிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வருகிறார்கள். இது தெரியாமல் தாழ்த்தப்பட்டோர் பிரிவைக் குறித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்க்கும்போது தவிக்க வேண்டாம். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் ஜூலை மாதமே எடுத்து வைத்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்பதைவிட மாதிரித் தேர்வு எழுதுவது மேல்.

முன்னோர் நடந்த வழி

இரண்டு படிப்பை ஒருங்கே சுமந்தவர்கள் நமக்கு முன்னே இருந்திருக்கிறார்கள். நம் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் 1888இல் சட்டம் பயில இலண்டன் போனபோது அவருக்குப் பதினெட்டு வயது. பாரிஸ்டர் படிப்போடு இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கும் படித்தார். முதல் முறை இலத்தீனில் தவறிவிட்டார். மனம் தளரவில்லை. செலவைக் குறைக்க ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்து, காலையில் தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்துப் படித்து, 1890இல் தேறினார். 1891 ஜூனில் பாரிஸ்டரானார். அப்போது வீண்சுமை போலத் தெரிந்த அந்த இலத்தீன் பிற்காலத்தில் அவருக்குத் தென்னாப்பிரிக்காவில் பயன்பட்டது. ஏனெனில் அந்நாட்டுச் சட்டம் உரோமச் சட்டத்தை அடியொற்றியது.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் இலண்டன் பொருளியல் கல்லூரியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் ஒருங்கே சேர்ந்தார். உதவித்தொகை முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. விட்ட இடத்திலிருந்து 1920இல் மறுபடி தொடங்கினார். அங்கே 1921இல் முதுநிலைப் பட்டம், 1922இல் பாரிஸ்டர், 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஒருவர் தவறினார். மற்றவர் இடையில் நிறுத்த நேர்ந்தது. ஆனால் ஒன்றுக்காக மற்றொன்றைத் தூக்கி எறியவில்லை. நம் பிள்ளைகள் கற்க வேண்டியது இதையே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

ஒன்று: பயிற்சி வகுப்புக்கென்று நகையை அடகு வைக்காதீர்கள். கையில் வசதி இருந்தால் சேர்க்கலாம். அதுவும் கல்லூரி நேரம் கெடாத வகுப்பாகப் பாருங்கள். வசதியில்லாத பிள்ளைக்கு நாளிதழும், பழைய வினாத்தாளும், கூடப் படிக்கும் இரண்டு தோழர்களும் இருந்தால் போதும்.

இரண்டு: அந்த நாலு மணி நேரத்தை வீடு கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளை படிக்கும்போது தொலைக்காட்சியை அணைக்கிறோம். பெண்பிள்ளை படிக்கும்போது "குடத்தை எடு, அடுப்பைப் பார்" என்கிறோம். எங்கள் அறைக்கு வரும் பெண்களில் பலர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பதாகச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அந்த நேரத்தில்தான் யாரும் வேலை ஏவமாட்டார்கள் என்கிறார்கள். இதைக் கேட்டு நாம் வெட்கப்பட வேண்டாமா?

மூன்று: கிளாட்டில் இடம் வரவில்லை என்றால் பிள்ளை தோற்றுவிட்டதாகப் பேசாதீர்கள். ஒரு வாசல் திறக்கவில்லை, அவ்வளவுதான். வகுப்புக்கு ஒழுங்காகப் போய்ப் பட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு மதுரை இருக்கிறது, திருச்சி இருக்கிறது, தேனி இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் அங்கே கட்டணமும் மிகக் குறைவு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வாதாடுகிறவரைப் பார்த்து, நீ எந்த வாசல் வழியாக வந்தாய் என்று எந்த நீதிபதியும் கேட்கமாட்டார்.

நிறைவாக

1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. 2004இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. நீதிமன்றங்கள் நம்மை நோக்கி நெருங்கி வந்திருக்கின்றன. ஆனால் நம் மக்கள் இன்னும் பெரும்பாலும் வழக்காளிகளாகவே அந்தப் படிகளை ஏறுகிறார்கள். பட்டாவில் பெயர் மாறிப்போன சம்சாரி, ஆலையில் விரலை இழந்தும் ஈட்டுத்தொகை பெறாத தொழிலாளி, கணவரை விபத்தில் இழந்த கைம்பெண், இவர்களெல்லாம் கையில் ஒரு பையோடு நீதிமன்ற வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்கள். தங்கள் பேச்சைத் தங்கள் மொழியில் கேட்டுப் புரிந்துகொள்ளும் வழக்கறிஞர் வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் சட்டம் படிக்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுவது அவர்களுக்காகத்தான்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண் இன்று கறுப்பு அங்கி அணிந்துவிட்டாள். அவளுடைய தகப்பனார் எங்களை மன்னித்துவிட்டார் என்றே நம்புகிறோம். சென்ற ஆண்டு அவள் எங்கள் சனிக்கிழமை அறைக்கு வந்து மாணவர்களிடம் பேசினாள். எங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. போகும்போது மட்டும் கரும்பலகையில் ஒரே ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனாள்: 68. பிள்ளைகளுக்கு உடனே புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அந்த எண்ணை இன்னும் நாங்கள் அழிக்கவில்லை.

இளைஞர்களே, நாளைக் காலை முதல் மணி வகுப்பில் உங்கள் இருக்கை காலியாக இருக்க வேண்டாம். மாலையில் வந்து அந்த ஒரு பத்தியைப் படியுங்கள். இரண்டு சாவியும் உங்கள் கையில் இருக்கட்டும். இறைவன் உங்கள் உழைப்பை ஆசீர்வதிப்பாராக!